மரத்தடி நிழலில் ட்ரில்லியம்: தென் ஒன்ராறியோவில் புதிதாகத் தொடங்குவோருக்கு

வீடு வாங்கிய முதற் கோடையிலேயே பின்வளவில் தக்காளி, கத்தரி, மிளகாய், பாவற்கொடி என்று வைத்துவிடும் நம்மவர்களுக்கு, வேலியோரத்து மேப்பிள் மரத்தின் கீழ் கிடக்கும் நிழல் மட்டும் தீராத தலையிடி. அங்கே கத்தரி பூக்காது, புல்லும் சரியாகப் பிடிக்காது. இரண்டு மூன்று வருடம் புல்விதை தூவிப் பார்த்துவிட்டு, கடைசியில் சல்லிக்கல்லைக் கொட்டி மூடிவிடுகிறார்கள். அந்த நிழலையே விரும்பி வளரும் செடிகள் இந்த மண்ணுக்கு உரியவையாகவே பல உண்டு. அவற்றுள் முதலில் வைக்கத்தக்கது ட்ரில்லியம் என்பது என் எண்ணம். மாகாண அரசின் கடிதத் தலைப்பில் நாம் அடிக்கடி காணும் மூவிதழ்ச் சின்னம் இந்தப் பூவிலிருந்து வந்ததுதான். 1937 ஆம் ஆண்டில் வெள்ளை ட்ரில்லியம் ஒன்ராறியோவின் மாகாண மலராக ஏற்கப்பட்டது.

இங்கே சொல்லப்படும் மாதங்களும் மரங்களும் தென் ஒன்ராறியோவுக்கு உரியவை. வடக்கே இருப்பவர்கள் மாதங்களைச் சற்றுப் பின்தள்ளிக்கொள்ளலாம்.

முதலில் செடியின் ஓராண்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

எங்கே நடுவது, எப்போது நடுவது, எதைச் செய்யாமல் விடுவது என்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் இந்தச் செடியின் ஓராண்டு வாழ்க்கையிலேயே விடை இருக்கிறது. பனி கரைந்து மண் இளகும் ஏப்ரலின் பிற்பகுதியில், நிலத்துக்கடியில் இருக்கும் வேர்த்தண்டுக் கிழங்கின் நுனியிலிருந்து இலைகளைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஒரு தண்டு மேலே வரும். அப்போது மேப்பிள், பீச் மரங்கள் இன்னும் இலை விட்டிருக்காது. ஆகவே காட்டுத் தரைவரை வெயில் விழும். அந்தச் சில வாரங்களின் வெளிச்சத்தை நம்பித்தான் செடி பூக்கிறது. மே மாதத்தின் முற்பகுதியிலிருந்து நடுப்பகுதிக்குள் மலர்ந்து, இரண்டு மூன்று வாரம் நின்று, வெள்ளை இதழ்கள் மெல்ல இளஞ்சிவப்பாகி வாடும். ஜூனில் மரங்களின் இலைக்கூரை முழுவதும் மூடிக்கொண்ட பிறகும் செடியின் இலைகள் பச்சையாக நின்று, கிடைக்கும் மங்கலான வெளிச்சத்தில் உணவு தயாரித்துக் கிழங்குக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். ஜூலைக் கடைசியில் அல்லது ஓகஸ்டில் காய் முற்றும்; பிறகு இலைகள் மஞ்சளாகிச் சாய்ந்து, செடி இருந்த இடமே தெரியாமற் போய்விடும். ஆனால் பனிக்காலம் தொடங்குமுன்னரே அடுத்த வருடத்துத் தண்டும் இலையும் பூவும் மொட்டாக உருவாகி மண்ணுக்குள் காத்திருக்கும்.

செடியின் உடலமைப்பையும் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒரு தண்டு, அதன் உச்சியில் ஒரே மட்டத்தில் மூன்று இலைகள், அவற்றின் நடுவிலிருந்து ஒரு பூ. பூவில் மூன்று பச்சைப் புல்லி இதழ்கள், மூன்று அல்லி இதழ்கள், ஆறு மகரந்தத் தாள்கள். உச்சியில் உள்ள அந்த மூன்று இலைகளையும் தாவரவியலாளர் பூவடியிலைகள் என்று வகுப்பார்கள். வளர்ப்பவருக்கு அவற்றை இலை என்று கொள்வதே போதும். அந்த மூன்றுக்கு மேல் அந்த வருடம் வேறு இலை வராது என்பதுதான் முக்கியம். தண்டை இலையோடு ஒடித்துவிட்டால் ரோசாவைப்போலப் பக்கத் துளிர் விடாது. கிழங்கு அந்த வருடம் முழுவதும் பட்டினி கிடந்து, அடுத்த வருடம் சிறுத்து வரும், அல்லது பூக்காமல் வரும். தொடர்ந்து இரண்டு மூன்று வருடம் இப்படி நடந்தால் அழிந்தே போகலாம்.

காட்டில் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்

செடி வாங்குவதற்கு முன் ஒரு மே மாதத்துச் சனிக்கிழமையை இதற்கென்று ஒதுக்குவது நல்லது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இருப்பவர்களுக்கு ரூஜ் தேசிய நகரப் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. நுழைவுக் கட்டணமும் இல்லை. ஹமில்ரன் பக்கம் இருப்பவர்கள் டண்டாஸ் பள்ளத்தாக்குக்கோ, நயாகரா மேட்டுச்சரிவை ஒட்டிச் செல்லும் புரூஸ் நடைபாதைக்கோ போகலாம். அங்கே பூவைப் பார்த்துப் படம் எடுப்பதோடு நின்றுவிடாமல், செடி எந்த மரத்தின் கீழ் நிற்கிறது, சரிவில் நிற்கிறதா, பள்ளத்தில் நிற்கிறதா, இலைச்சருகு எத்தனை விரற்கடை ஆழம் கிடக்கிறது என்பவற்றைக் கவனியுங்கள். பெரும்பாலும் நீர் வடிந்தோடும் மெல்லிய சரிவிலும், சீனி மேப்பிள், பீச் போன்ற இலையுதிர் மரங்களின் கீழும், நடந்தால் கால் சற்று அமிழும் கருமண்ணிலும்தான் அது கூட்டமாக நிற்கும். உங்கள் வளவில் அமைக்க வேண்டியது இந்தச் சூழலின் ஒரு சிறு துண்டையே.

மூன்று இலை என்றதும் எல்லாவற்றையும் ட்ரில்லியம் என்று எண்ணிவிட வேண்டாம். ட்ரில்லியத்தின் இலைகள் மூன்றும் ஒன்றுக்கொன்று சமமான கோணத்தில் விரிந்திருக்கும். அதே காட்டில் வளரும் ஜாக்-இன்-த-புல்பிற் என்ற செடியின் இலைகளில் இரண்டு எதிரெதிராக நீட்டி, மூன்றாவது அவற்றுக்குச் செங்குத்தாக நிற்கும். பொய்சன் ஐவியிலும் மூன்று சிற்றிலைகள் உண்டு. நடுச் சிற்றிலைக்கு மட்டும் காம்பு நீண்டிருக்கும். தொட்டால் தோல் கொப்பளிக்கும் என்பதால் அதைப் பார்த்தே அறிந்து விலக வேண்டும். வசந்த காலத்தில் கருங்கால் உண்ணிகளும் நடமாடத் தொடங்கிவிடும். அவற்றின் கடியால் லைம் நோய் வரக்கூடும். நீண்ட காற்சட்டை அணிந்து, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகி, பாதையை விட்டு இறங்காமல் நடந்து, வீடு திரும்பியதும் பிள்ளைகளின் முழங்காலின் பின்புறத்தையும் தலைமுடியின் ஓரத்தையும் பார்த்துவிடுங்கள்.

ட்ரில்லியம் பறித்தால் ஒன்ராறியோவில் தண்டம் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மாகாணம் முழுவதற்குமாக அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. ஆனால் தேசியப் பூங்காக்களிலும் மாகாணப் பூங்காக்களிலும் எந்தச் செடியையும் பறிக்கவோ தோண்டவோ கூடாது என்ற விதி இருக்கிறது, பிறர் காணியில் அனுமதியின்றித் தோண்டுவதும் தவறு என்பதால், நடைமுறையில் நீங்கள் ட்ரில்லியத்தைக் காணும் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் அதைத் தொடக்கூடாது என்பதே பொருள்.

எந்த இனம்

ட்ரில்லியம் பேரினத்தில் 40க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளுக்கு உரியவை. சில மேற்குக் கரையிலும், சில ஜப்பான் உள்ளிட்ட கிழக்காசியாவிலும் உள்ளன. ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் சின்னத்தில் இருப்பதும் ஒரு ட்ரில்லியம்தான். இமயமலையிலும் ஓர் இனம் உண்டு. அதன் கிழங்கை மருந்துச் சரக்காக விற்பதற்காக இமாச்சலப் பிரதேசத்திலும் காஷ்மீரிலும் அளவுக்கு மீறித் தோண்டி எடுத்ததில் அது இன்று அருகிவருகிறது.

புதிதாகத் தொடங்குபவர் இவ்வளவையும் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. வெள்ளை ட்ரில்லியத்தில், அதாவது ட்ரில்லியம் கிராண்டிஃப்ளோரத்தில், தொடங்குங்கள். அதுதான் பூவும் பெரியது, நம் நகர மண்ணையும் ஓரளவு பொறுத்துக்கொள்வது. அடுத்ததாகச் சிவப்பு ட்ரில்லியம் வைக்கலாம். கருஞ்சிவப்புப் பூ பார்வைக்கு மிக அழகானது, ஆனால் கிட்டப்போய் முகர்ந்தால் கெட்ட இறைச்சி நாற்றம் வரும். ஈக்களை வரவழைத்து மகரந்தம் பரப்புவதற்கான ஏற்பாடு அது. குசினி யன்னலுக்கு நேர்கீழே வைக்காமல் விட்டால் ஒரு தொல்லையும் இல்லை. தண்ணீர் தேங்காமலும் எப்போதும் ஈரமாக இருக்கும் இடம் உள்ளவர்கள், இலைக்குக் கீழே பூவைத் தொங்கவிடும் ட்ரில்லியம் செர்நூமை முயலலாம். வெள்ளை இதழின் அடியில் சிவப்புக் கோடு தீட்டியதுபோல் இருக்கும் ட்ரில்லியம் அண்டுலேட்டத்தின் மேல் ஆசை வைக்க வேண்டாம்; அது நல்ல அமில மண்ணிலே மட்டும் வாழ்வது, பழகியவர்கள் கையிலேயே நிலைப்பதில்லை. ட்ரில்லியம் ஃபிளெக்சிப்பீஸ் கனடாவில் அழியும் நிலையில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருப்பதால் அதைக் காட்டிலிருந்து எடுத்தவர் யாராவது கொடுத்தாலும் வாங்கக்கூடாது. புள்ளிபோட்ட இலையின் மேல் காம்பே இல்லாமல் பூ உட்கார்ந்திருக்கும் இனங்களையும் கடைகளில் காணலாம். அவற்றுள் மஞ்சள் பூவும் எலுமிச்சை மணமும் உள்ள ட்ரில்லியம் லூட்டியம் அமெரிக்காவின் தெற்கு அப்பலேச்சிய மலைப்பகுதிக்கு உரியது. இங்கும் நன்றாகவே வாழும்.

இடம் பார்த்தல்

நிழல் என்றால் எந்த நிழலும் ஆகாது. ஸ்புரூஸ், சீடர் போன்ற பசுமைமாறா மரங்களின் கீழும், வீட்டின் வடக்குச் சுவரோரத்து நிரந்தர இருட்டிலும் செடிக்கு ஏப்ரல், மே மாதத்து வெளிச்சம் கிடைக்காது. இலையுதிர் மரத்தின் நிழலே வேண்டும். அதிலும் நோர்வே மேப்பிளைத் தவிர்ப்பது நல்லது. ரொறன்ரோ வீதிகளில் ஏராளமாக நடப்பட்ட அந்த மரம் அடர்த்தியான நிழலைப் போடுவதோடு, மேல்மண் முழுவதையும் தன் நார்வேர்களால் பின்னி நீரையும் உறிஞ்சிக்கொள்ளும். இலைக் காம்பை ஒடித்தால் பால் வடிவது நோர்வே மேப்பிள்; சீனி மேப்பிளில் பால் வராது. சீனி மேப்பிள், ஓக், சேர்விஸ்பெரி, டொக்வூட் போன்ற மரங்களோ புதர்களோ இருந்தால் அவற்றின் கிழக்குப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். மாலை வெயில் கோடையில் இலையைப் பொசுக்கிவிடும்.

அடுத்தது வடிகால். ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துப் புதிய வீடுகள் பலவற்றில் கட்டடம் கட்டும்போது மேல்மண்ணை வாரிவிட்டு, களிமண்ணின் மேல் நாலு விரற்கடை மண்ணைப் பரப்பிப் புற்றரை விரித்திருப்பார்கள். ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, நிறையத் தண்ணீர் ஊற்றி வடியவிட்டு, மீண்டும் ஒருமுறை ஊற்றிப் பாருங்கள். மறுநாட் காலையிலும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் கிழங்கு அழுகும். அப்படியான இடத்தில் மரத்தடியிலிருந்து சற்று விலகி, ஓர் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி அமைத்துக்கொள்ளலாம். மரத்தின் அடியைச் சுற்றி மண்ணைக் குவித்தால் காற்றின்றி மரத்தின் வேர் பாதிக்கப்படும் என்பதால் அதை மட்டும் செய்யாதீர்கள்.

செடி வருவதற்கு முன்னரே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. முந்திய வீட்டுக்காரர் தரைமூடியாக வைத்துவிட்டுப் போன பெரிவிங்கிள், லில்லி-ஒவ்-த-வலி, கௌற்வீட், ஐவி ஆகியவை அங்கே இருந்தால், வேரோடு முழுவதும் எடுத்துவிட வேண்டும். அவற்றின் நடுவே ட்ரில்லியத்தை வைத்தால், ஒரு வருடத்தில் மூன்றே இலை விடும் செடி அந்தப் போட்டியில் எப்படி நிற்கும்? ஒரு முழுக் கோடையை இந்தக் களையெடுப்புக்கே செலவிட்டாலும் அது வீண் போகாது.

மண்ணைப் பண்படுத்தும்போது மரவேர்களின் நடுவே உழக்கூடாது. பெருவிரல் தடிப்பான வேர்களை வெட்டாமல், அவற்றுக்கிடையே அகப்படும் இடைவெளிகளில் தனித்தனிக் குழிகளாகத் தோண்டி, எடுத்த மண்ணில் பாதிக்குப் பாதி உக்கிய இலையைக் கலந்தால் போதும். மாட்டெருவும் இரசாயனப் பசளையும் வேண்டாம். அமிலத் தன்மை சற்றே இருக்கும் மண்ணோ, நடுநிலையான மண்ணோ வெள்ளை ட்ரில்லியத்துக்கு ஏற்றது. சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்த நயாகரா மேட்டுச்சரிவில் அது செழித்து நிற்பதிலிருந்தே இதை அறியலாம்.

வாங்கும்போது ஏமாறாதிருக்க

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள் என்பேன். விதையிலிருந்து வளர்ந்த வெள்ளை ட்ரில்லியம் பூப்பதற்கு ஏழு வருடமளவில், பலவேளைகளில் அதற்கும் மேல் ஆகும். அத்தனை வருடம் ஒருவர் சாடியில் வைத்துப் பராமரித்த செடியை, பெட்டூனியா விற்கும் விலையில் விற்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மலிவாகக் கிடைக்கும் பூத்த ட்ரில்லியம் பெரும்பாலும் ஏதோ ஒரு காட்டிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டதாகவே இருக்கும். பிளாஸ்ரிக் பையில் மரத்தூளோடு பொதிந்து, வசந்த காலத்தில் கடைத் தட்டுகளில் தொங்கும் கிழங்குகளும் அப்படியானவையே. அவை காய்ந்து சுருங்கிப்போயிருப்பதால் முளைப்பதும் அரிது. ஒரு சாடியில் நான்கைந்து செடிகள் வெவ்வேறு உயரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றால், மண் சாடியின் மண்ணாக இல்லாமல் காட்டு மண்ணாகத் தெரிந்தால், இலை கிழிந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வியையும் சரியாகக் கேட்க வேண்டும். “நேர்சரியில் வளர்த்ததா?” என்று கேட்டால், காட்டிலிருந்து தோண்டி ஒரு வருடம் சாடியில் வைத்திருந்தவரும் ஆம் என்றே சொல்வார். “விதையிலிருந்து வளர்த்ததா, கிழங்கு பிரித்து வளர்த்ததா, யார் வளர்த்தார்கள்?” என்று கேளுங்கள். சொந்தமாகப் பெருக்குபவர் விரிவாகவே பதில் சொல்வார். பெரும்பாலும் எத்தனையாம் வருடத்துச் செடி என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். நாட்டுத் தாவரங்களை மட்டும் விற்கும் சிறு நேர்சரிகளும், மே மாதத்தில் தோட்டக்கலைச் சங்கங்கள் நடத்தும் செடி விற்பனைகளும் இதற்கு ஏற்ற இடங்கள். விலை கூடத்தான் இருக்கும். பத்துச் செடி வாங்க எண்ணியவர் மூன்று வாங்கினால் போதும்.

பச்சைக் கோடு போட்ட வெள்ளைப் பூவை அபூர்வ வகை என்று சொல்லி யாரேனும் நீட்டினால் வாங்காதீர்கள். அது பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரின் தொற்றால் வருவது. செடி வருடத்துக்கு வருடம் உருக்குலைந்து மலடாகும், பக்கத்துச் செடிகளுக்கும் தொற்றக்கூடும்.

நடுதல்

கிழங்கு உறங்கும் காலமே நடுவதற்குச் சிறந்தது: ஓகஸ்ட் கடைசியிலிருந்து ஒக்ரோபர் நடுப்பகுதி வரை. வசந்த காலத்தில் சாடியோடு வாங்கிய செடியை வேர்மண் கலையாமல் உடனே நடலாம், அல்லது சாடியோடு நிழலில் வைத்து நீர் விட்டுக் காத்திருந்து செப்ரெம்பரில் நடலாம். தனிக் கிழங்கானால் அதன் மொட்டு நுனி மேலே பார்த்திருக்க, நான்கு விரற்கடை அளவு ஆழத்தில், அதாவது 8 முதல் 10 சென்ரிமீற்றருக்குள், வையுங்கள். சாடிச் செடியைச் சாடியில் இருந்த அதே ஆழத்தில் வைத்தால் போதும். செடிக்குச் செடி ஓர் அடி இடைவெளி விடுங்கள். வெவ்வேறு செடிகளிடையே மகரந்தம் மாறினால் விதை நன்றாகப் பிடிக்கும் என்பதால், ஒற்றையாக வைக்காமல் குறைந்தது மூன்றைச் சேர்த்து வைப்பது நல்லது.

மண்ணை மூடி, கையால் மெல்ல அமர்த்தி, தண்ணீர் விட்டு, இலைச்சருகைப் பரப்புங்கள். புதிதாகத் தோண்டிய மண்ணைக் கண்டால் அணில் சும்மா இராது. கோழிவலையை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்து, ஏப்ரல் தொடக்கத்தில் எடுத்துவிடுங்கள். இடத்தைக் காட்ட ஒரு குச்சியும் நட்டுவையுங்கள். ஓகஸ்டில் செடி மறைந்துவிடும். ஒக்ரோபரில் வெள்ளைப்பூண்டு நட இடம் தேடும் வீட்டார் அங்கே மண்வெட்டியைப் போட்டுவிடுவார்கள்.

நட்டபின்

விடிந்ததும் முற்றம் கூட்டுவது நமக்குப் பரம்பரைப் பழக்கம். சருகு கிடந்தால் வளவு பாழடைந்துவிட்டது என்று கண் சொல்லும். ட்ரில்லியம் வைத்த இடத்தில் அந்தக் கண்ணை மாற்றிக்கொள்ள வேண்டும். இலையுதிர் காலத்தில் காகிதப் பைகளில் கட்டி வீதியோரத்தில் வைக்கும் அந்த இலைகள்தாம் அதன் போர்வையும் உணவும். முழு மேப்பிள் இலைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து இறுகி முளையைத் தடுக்கும் என்பதால், புல்வெட்டும் இயந்திரத்தை அவற்றின் மேல் ஒருமுறை ஓட்டி நொருக்கி, இரண்டு அங்குலத் தடிப்புக்குப் பரப்பிவிடுங்கள். வேறு பசளை வேண்டியதில்லை. மே, ஜூன் மாதங்களில் ஒரு வாரம் மழை இல்லாவிட்டால் மண் ஊற ஒருமுறை தண்ணீர் விடுங்கள். இலை மஞ்சளானால் அதுவாகவே சாயும்வரை வெட்டாமல் விடுங்கள்.

முதல் வசந்தத்தில் பூ வராமல் இலை மட்டும் வரலாம். சிலவேளை ஒன்றுமே முளைக்காமலும் இருக்கலாம்; அதற்காகக் கிழங்கைத் தோண்டிப் பார்க்கப் புறப்படாதீர்கள். விரலால் மண்ணை விலக்கிப் பார்த்து, மொட்டு உறுதியாக இருந்தால் மூடிவிட்டு அடுத்த வருடம்வரை பொறுத்திருங்கள்.

மண்புழுவைப் பற்றி நாம் ஊரில் படித்தது வேறு. இங்குள்ள காட்டின் கதை வேறு. கடைசிப் பனியுகத்தில் இந்த நிலம் முழுவதும் பனிப்பாறையின் அடியில் கிடந்ததால், அதன் பின் வளர்ந்த காடுகள் மண்புழுவே இல்லாமல் உருவானவை. இன்று நாம் காணும் புழுக்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து மண்ணோடும் செடிகளோடும் வந்து சேர்ந்தவை. வருடக்கணக்கில் மெல்ல உக்க வேண்டிய இலைப்படுக்கையை அவை வேகமாகத் தின்றுதீர்த்து மண்ணை வெறுமையாக்குவதால், ட்ரில்லியம் போன்ற காட்டுச் செடிகளின் நாற்றுகள் பிழைப்பது கடினமாகிறது. வளவில் ஏற்கெனவே உள்ள புழுக்களை யாராலும் ஒழிக்க முடியாது. ஆனால் கடையில் வாங்கிய புழுக்களையோ, மீன்பிடிக்கக் கொண்டுபோய் மிஞ்சிய புழுக்களையோ மரத்தடியில் கொட்டாதிருக்கலாம். சருகு குறையக் குறைய மேலே சேர்த்துக்கொண்டும் இருக்கலாம். ஆசியாவிலிருந்து வந்த துள்ளும் புழுக்கள் இன்னும் மோசமானவை. மேல்மண் கோப்பித்தூள் கொட்டியதுபோல் உதிரியாகி, தொட்டால் புழு பாம்பாக நெளிந்து துள்ளினால் அந்த மண்ணிலிருந்து எந்தச் செடியையும் வேறு இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய வீடுகளில் மான் பெரிய பிரச்சினை. மானுக்கு ட்ரில்லியம் மிகவும் பிடித்த தீனி. உயர்ந்து பூத்து நிற்கும் செடிகளையே அது முதலில் கடிப்பதால், ஒரு காட்டில் ட்ரில்லியம் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளந்து அங்கே மான்களின் நெருக்கடியை ஆய்வாளர்கள் மதிப்பிடுவதுண்டு. நாற்றத் தெளிப்பான்கள் மழையோடு போய்விடும். வலைக் கம்பிக் கூண்டுதான் நம்பகமானது.

கார்லிக் மஸ்ரட் என்ற களையும் நிழலைத் தேடி வருவது. கசக்கினால் உள்ளிப்பூண்டு மணம் வரும். அது வேரில் விடும் இரசாயனங்கள் காட்டுச் செடிகளுக்கு உதவும் மண் பூஞ்சைகளைக் கெடுக்கின்றன. மே மாதத்தில் வெள்ளைப் பூவோடு நிற்கும்போதே வேரோடு பிடுங்கி, கூட்டெருக் குவியலில் போடாமல் குப்பைப் பையில் கட்டி அனுப்புங்கள். பிடுங்கிப் போட்ட பின்னும் அது விதை முற்றவைக்கும் தன்மையுடையது.

துணைக்கு வைக்கப் பொருத்தமானவை பிளட்ரூட், ஹெப்பாற்றிக்கா, ஃபோம்ஃபிளவர், பன்னங்கள், காட்டு இஞ்சி ஆகியவை. ட்ரில்லியம் மறைந்தபின் வெறிச்சோடும் இடத்தைப் பன்னமும் காட்டு இஞ்சியும் மூடிக்கொள்ளும். இந்தக் காட்டு இஞ்சி நம் இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் அதில் இருப்பதால், வாசம் எவ்வளவு ஒத்திருந்தாலும் தேநீரில் போடக்கூடாது. ட்ரில்லியத்தின் பழமும் கிழங்கும்கூட உண்பதற்கு உரியவையல்ல. சின்னப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

விதையிலிருந்து

செடிகள் நிலைத்துப் பூக்கத் தொடங்கியபின், விருப்பமுள்ளவர்கள் விதை போட்டுப் பார்க்கலாம். ஜூலை நடுப்பகுதியிலிருந்து காயைத் தொட்டுப் பாருங்கள். மெதுமையாகி, இலேசாக இழுத்தாலே கையோடு வந்தால் முற்றிவிட்டது. பிதுக்கினால் கபில நிற விதைகள் வரும். ஒவ்வொரு விதையின் பக்கத்திலும் வெளிறிய சதைத் துண்டொன்று ஒட்டியிருக்கும். கொழுப்பு நிறைந்த அந்தத் துண்டுக்காக எறும்புகள் விதையை இழுத்துக்கொண்டு புற்றுக்குப் போய், சதையைத் தின்றுவிட்டு விதையைக் குப்பையோடு எறியும். அங்கே அது முளைக்கும். எறும்பு எவ்வளவு தூரம் இழுத்துப்போகும்? பெரும்பாலும் சில அடிகள், மிஞ்சினால் சில மீற்றர்கள். ஒருமுறை உழுது பயிரிட்ட காணியில் பிறகு காடு மீண்டெழுந்தாலும் ட்ரில்லியம் திரும்பிவர நெடுங்காலம் எடுப்பது இதனால்தான். எப்போதாவது மான் பழத்தோடு தின்று தொலைவில் எச்சமிடுவதும் உண்டு.

விதையைக் காயவிடக்கூடாது; கத்தரி விதைபோலக் காகிதத்தில் மடித்து அடுத்த வருடத்துக்கு வைத்தால் உயிர் போய்விடும் அல்லது உறக்கம் இன்னும் நீளும். எடுத்த அன்றே கழுவி, இலைமட்கு கலந்த மண் நிரப்பிய ஆழமான தட்டில் அரை அங்குல ஆழத்தில் விதைத்து, வலையால் மூடி, வெளியே நிழலில் மண்ணோடு மண்ணாகப் பதித்துவிடுங்கள். பனிக்காலம் முழுவதும் அது அங்கேயே கிடக்க வேண்டும். அடுத்த வசந்தத்தில் மேலே ஒன்றும் தெரியாது. மண்ணுக்குள் வேர் மட்டுமே விடும். பலர் தட்டைக் கவிழ்த்து எறிவது இந்தக் கட்டத்தில்தான். இரண்டாவது பனிக்காலமும் கழிந்த பிறகு, ஒடுங்கிய வித்திலை ஒன்று தலைகாட்டும். அதற்கடுத்த சில வருடங்கள் ஒற்றை இலையாகவே வந்துபோகும். பிறகொரு வருடம் மூன்று இலை. அதற்கும் பல வருடங்களின் பின் பூ. வித்திலை வந்ததும் எடுத்து நடாமல், ஒற்றை இலைக் கட்டத்தில் ஓரிரு வருடம் விட்டு, இலை மஞ்சளாகும் சமயம் பார்த்து நிலத்துக்கு மாற்றுங்கள்.

பிரித்தலும் இடம் மாற்றலும்

நன்றாக நிலைத்த செடி பக்கக் கிழங்கு விட்டுக் கொத்தாகும். ஒரு கொத்தில் ஐந்தாறு தண்டுகள் வரத் தொடங்கியபின், செப்ரெம்பரில் முள்ளுக்கரண்டி மண்வெட்டியால் அகலமாகத் தோண்டித் தூக்கி, வேரும் மொட்டும் உள்ள துண்டுகளைக் கையால் விடுவித்து உடனே நடலாம். கொத்தாவதற்கு முன் பிரிக்க அவசரப்பட வேண்டாம். பிரித்த துண்டு மீண்டும் பூக்க ஓரிரு வருடமாவது எடுக்கும்.

வீட்டை விற்க எண்ணுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிலத்தில் நட்ட செடிகள் பொதுவாகக் காணியோடு சேர்ந்தவையாகவே கொள்ளப்படும் என்பதால், கிழங்குகளை எடுத்துப்போக விரும்பினால் வீட்டை விற்பனைக்கு விடுமுன்னரே எடுத்துவிடுங்கள், அல்லது விற்பனை ஒப்பந்தத்தில் விலக்காக எழுதச் சொல்லி முகவரிடம் கேளுங்கள். கைமாற்றும் நாள் கோடையில் வந்தால் இலை சாயும்வரை காத்திருக்க முடியாது. அப்போது செடியைச் சுற்றி ஓர் அடி அகலத்துக்கு மண்ணோடு பெயர்த்துப் பெரிய சாடியில் இறக்கி, நிழலில் வைத்து நீர் விட்டு, புதிய வளவில் செப்ரெம்பர் மாதத்தில் நடுங்கள்.